விமர்சனம் என்றால் திட்டுவதா?

நீர்ப்பாசனமும் சாதியும் பற்றி வந்த ஒரு புத்தகத்துக்கு நாலு பக்கம் எழுதியிருந்தேன். மூன்றரைப் பக்கம் பாராட்டு. கடைசி அரைப் பக்கத்தில்தான் ஒரு வரைபடம்கூட இல்லையே என்ற குறை. ஆசிரியருக்கு வேண்டப்பட்ட நண்பர் ஒருவர் மறுநாளே கூப்பிட்டார். "என்ன, அவர் புத்தகத்தை விமர்சனம் பண்ணிட்டீங்களாமே?" என்று கேட்டார். துக்கம் விசாரிக்கிற குரல்.

அவர் மேல் தப்பில்லை. நாளிதழைத் திறந்தால் "ஆளுங்கட்சியைக் கடுமையாக விமர்சித்தார்" என்றுதான் இருக்கிறது. "மென்மையாக விமர்சித்தார்" என்று எப்போதாவது பார்த்திருக்கிறோமா? "விமர்சனத்துக்கு ஆளானார்" என்றால் அடி வாங்கினார் என்று பொருள். சினிமாவில் மட்டும் அந்தச் சொல் இன்னும் பழைய இடத்தில் இருக்கிறது. "பட விமர்சனம்" என்றால் நல்லதாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். நாவலுக்கும் கவிதைக்கும்கூடப் பரவாயில்லை. அரசியல், சமூகம் பற்றிய புத்தகம் என்றால் மேடைப் பேச்சின் வாடை வந்து ஒட்டிக்கொள்கிறது. புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோமா, எழுதியவர் எந்தப் பக்கம் என்று பேசுகிறோமா என்பதே மறந்துவிடுகிறது.

சொல் வடமொழி. 'ம்ருச்' என்ற வேருக்குத் தொடுதல், தடவுதல் என்று பொருள். 'வி' முன்னொட்டு சேர்ந்து, கையால் தடவிப் பார்ப்பது மனதால் தடவிப் பார்ப்பதாக, அதாவது ஆராய்வதாக, ஆனது. காஷ்மீர சைவத்தில் 'பிரகாசம்', 'விமர்சம்' என்று இரண்டைச் சேர்த்துச் சொல்வார்கள். பிரகாசம் அறிவின் ஒளி, விமர்சம் அந்த ஒளி தன்னைத்தானே உணர்வது. அங்கே திட்டுக்கு இடமே இல்லை. இந்தியில் 'விமர்ஷ்' இன்றும் கலந்தாய்வுதான். 'தலித் விமர்ஷ்', 'ஸ்திரீ விமர்ஷ்' என்றால் தலித்துகளை, பெண்களைத் தாக்குவது இல்லை, அவர்களை மையமாக வைத்து நடக்கும் உரையாடல். அதே வேரில் பிறந்த 'பராமர்ஷ்' அங்கே ஆலோசனை. மலையாளத்தில் 'பராமர்சம்' என்றால் குறிப்பிட்டுச் சொல்வது.

தமிழுக்கு வந்தபோது எழுத்திலேயே தகராறு. தர்சனம் தரிசனம் ஆனதுபோல 'விமரிசனம்' என்று எழுதினார் எழுத்தாளரும் விமர்சகருமான க.நா.சு. விமர்சனத்துக்கென்றே 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா 'விமர்சனம்' என்றார். பின்னது நின்றுவிட்டது. இதேபோலத் திசை மாறிய இன்னொரு சொல் 'கண்டனம்'. துண்டாக்குதல் என்ற பொருளில் பிறந்து, ஒருவர் நூலில் சொன்னதை வரிவரியாக மறுப்பதற்குப் பெயராக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சைவர்களும் கிறிஸ்தவப் பாதிரிமாரும் மாறி மாறி அச்சிட்டது கண்டன நூல்கள். இப்போது கட்சி அலுவலகத்திலிருந்து நாலு வரி வந்தால் அது கண்டனம்!

சரி, தமிழ்ச் சொல் என்ன? கல்லூரிப் பாடத்தில் 'திறனாய்வு' நிலைத்துவிட்டது. இலங்கையில் பேராசிரியர் கைலாசபதி போன்ற விமர்சகர்கள் தங்கள் நூல்களின் தலைப்பிலேயே அதை வைத்தார்கள். நல்ல சொல்தான், ஆனால் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு இரண்டு பக்கம் எழுதுகிறவருக்கு அது பெரிய சட்டை. அவருக்குப் பொருந்துவது 'மதிப்புரை'. "மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்" என்று பத்திரிகைகள் போடும் அறிவிப்பில் வெகுநாளாக இருக்கும் சொல். மதித்தல் என்றால் மரியாதை செய்வது, அளவிட்டுச் சொல்வது, இரண்டும். புளியந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர் மதிப்புப் போடுவதைப் பார்த்தால் தெரியும்: மரத்தைச் சுற்றி வருவார், அண்ணாந்து பார்ப்பார், அப்புறம்தான் வாய் திறப்பார்.

ஒரு நூலை எப்படி மதிப்பது என்பதற்குத் தமிழில் பழைய அளவுகோலே இருக்கிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களை இன்றைய அரசியல் புத்தகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல்... முந்நூறு பக்கத்தில் சொன்னதையே சொல்லி, நடுவில் முரண்பட்டு, 'மற்றொன்று விரித்து', 'சென்று தேய்ந்து இறும்' புத்தகங்கள் என் அலமாரியிலேயே ஒரு வரிசை இருக்கின்றன. அதே நன்னூல் நூலுக்குரிய ஏழு 'மதங்களையும்' அடுக்குகிறது. மதம் என்றால் கொள்கை, கருத்து. பிறர் சொன்னதற்கு உடன்படல், மறுத்தல், பிறர்நூல் குற்றம் காட்டல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, எழுதத் தகுதியானவர் யார் என்று வரும்போது ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர் என்று நாலு பேரோடு நிறுத்திவிடுகிறது. நாலும் வேண்டப்பட்டவர்கள்! பணம் கொடுத்து வாங்கிப் படிக்கும் வாசகர் அந்தப் பட்டியலில் இல்லை. இன்றைய அணிந்துரைகள் இந்த மரபை நன்றாகவே காப்பாற்றுகின்றன.

மதிப்புரைக்கும் மறுப்புக்கும் நடுவில் நிற்கும் ஓர் எழுத்து என்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1936இல் காந்தி எழுதியது. சாதி ஒழிப்பு பற்றி லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் தயாரித்த உரையைப் பற்றியது அது. அதிலுள்ள கருத்துகளை ஏற்க முடியாமல் அழைத்தவர்கள் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அம்பேத்கர் அந்த உரையைத் தன் செலவில் அச்சிட்டார். தமிழில் பெரியாரின் 'குடி அரசு' இதழ் வழியாக 'சாதியை ஒழிக்க வழி' என்று வந்தது அதுதான். காந்தி 'ஹரிஜன்' இதழில், எந்தச் சீர்திருத்தக்காரரும் இதை ஒதுக்க முடியாது என்றார். விலை 8 அணா அதிகம், 2 அணாவாக, குறைந்தது 4 அணாவாகக் குறைக்கலாம் என்றார். அப்புறம் மறுப்பு: ஒரு மதத்தை அதன் மோசமான உதாரணங்களை வைத்து மதிப்பிடக் கூடாது என்று. அம்பேத்கர் என்ன செய்தார்? 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் கட்டுரைகளையும் தன் பதிலையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். பதில் காரசாரமானது, ஆனாலும் எதிராளியின் வரிகள் முழுசாக வாசகர் கையில் இருந்தன.

நான் அடுத்த புத்தகத்துக்கு எழுதியபோது தலைப்பிலேயே 'மதிப்புரை' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். அதே நண்பர் கூப்பிட்டார்.

"எத்தனை மார்க் போட்டீங்க?"