மிகையொளிர்வு: ‘அதிதீவிரம்’ தவறு

எம்ஆர்ஐ அறிக்கையைத் தமிழாக்குபவர்கள் ‘ஹைப்பர்இன்டென்சிட்டி’யைக் கண்டதும் ‘அதிதீவிரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘மூளை வெண்பொருளில் அதிதீவிரம்’ என்று படிக்கும் வீட்டாருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் நினைவுக்கு வரும்.

கிரேக்க ‘ஹைப்பர்’ மிகை. ‘இன்டென்சிட்டி’க்கு வேர், இழுத்து விறைப்பாக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல். வேர் இவ்வளவே. எம்ஆர்ஐயில் அது சமிக்ஞையின் அளவு. ஓரிடம் சுற்றியிருப்பதைவிட எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பது. நோயின் கடுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நரம்பிழைகளைப் போர்த்திய மயலின் கொழுப்புறையால் வெண்பொருள் வெண்மையாக இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் சிறு ரத்தக்குழாய்கள் பழுதாகி உறை தேய்ந்தால் அங்கே நீர் கூடும். ஃபிளேர் என்ற எம்ஆர்ஐ வகைப் படத்தில் மூளை அறைகளின் நீர் வேண்டுமென்றே கறுப்பாக்கப்படுவதால், அறையோரத் தேய்வு பளிச்சென்று தெரியும். அதே படத்தில் நலமான வெண்பொருள் சாம்பல்பொருளைவிடக் கறுத்திருக்கும்!

இந்த வெளுப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத் தரம்பிரிக்க 1987 முதல் புழங்கும் ஃபாசெகாஸ் அளவுகோலில் 0 முதல் 3 வரை தரங்கள். ஆழ்வெண்பொருளில் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் 1. திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து பரவியிருந்தால் 3. ‘அதிதீவிரம், தரம் 1’ என்ற வரி தன்னையே மறுக்கிறது. தரம் 1 முதியவர்கள் பலருக்கும் இருக்கக்கூடியது.

எதிர்ச்சொல்லில்தான் உண்மையான ஆபத்து. நுண் ரத்தக்கசிவுகள் அவற்றுக்கான எம்ஆர்ஐ படத்தில் கறும்புள்ளிகளாக, ‘ஹைப்போஇன்டென்ஸ்’ ஆக, விழும். அதைக் ‘குறைந்த தீவிரம்’ என்று எழுதினால் படிப்பவர் நிம்மதியாகிவிடுவார். நான்குக்கு மேற்பட்ட நுண்கசிவுகள் இருந்தாலே லெகானெமாப் போன்ற அல்சைமர் மருந்து பொதுவாகத் தரப்படுவதில்லை. இது எப்படிக் குறைந்த தீவிரமாகும்?

சிலர் எழுதும் ‘மிகையடர்த்தி’ இன்னும் மோசம். அடர்த்தி சிடி ஸ்கேனின் சொல். இதே தேய்வு சிடியில் அடர்த்தி குறைந்து கறுப்பாகத் தெரியும். ஆகவே அந்தச் சொல் நேர்தலைகீழ். தூயதமிழ் அன்பர்கள் விரும்பும் ‘மிகைச்செறிவு’க்கு ஒளிச்செறிவு என்ற பாடநூல் ஆதாரம் உண்டு, மதிக்கிறேன். ஆனால் நரம்பியல் மருத்துவர் ஹாசின்ஸ்கியும் உடனாய்வாளர்களும் இம்மாற்றத்துக்கு 1980களில் வைத்த பெயர் ‘லூக்கோஅராயோசிஸ்’, அதாவது வெண்பொருள் அடர்வு குறைதல். அடர்வு குறைந்த இடத்தைச் ‘செறிவு’ என்று சொன்னால் எவருக்குத்தான் புரியும்?

ஆகவே மிகையொளிர்வு, எதிர்ச்சொல் குறையொளிர்வு. கண்ணில் படுவதைச் சொல்கிறது, கடுமையைப் பற்றிப் பேசவில்லை.

இதையும் எல்லா இடத்திலும் ஒட்டக் கூடாது. நினைவுத்திறன் லேசாகச் சரியும் கட்டத்தில், ஃபிளேரில் வெண்பொருள் இயல்பாகத் தெரிந்தாலும், நீர்மூலக்கூறுகள் இழையோட்டத்தை ஒட்டி நகரும் போக்கு குலைந்திருக்கலாம். நீரின் நகர்வை அளக்கும் எம்ஆர்ஐ வகையான பரவல் டென்சர் படம் அதை 0 முதல் 1 வரையான எண்ணாகக் காட்டும். அந்த எண் சரிந்திருக்கும். ஃபார்னிக்ஸ் போன்ற மெல்லிய நரம்பிழைக் கட்டில் பக்கத்து நீர் கலந்தாலும் எண் பொய்யாகச் சரியும். அங்கே ஒளிர்வே இல்லை. ‘வெண்பொருள் மாற்றம்’ என்ற பொதுப்பெயரே சரி.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்குமுன் படத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ‘இருபக்க ஆழ்வெண்பொருளில் மிகையொளிர்வுப் புள்ளிகள், ஃபாசெகாஸ் தரம் 1’ என்று எழுதிக் கொடுங்கள். வீட்டார் அடுத்து ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள்.