இங்கிலாந்தின் காடுகளுக்குள் நடக்கும் உரிமை: சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

இங்கிலாந்தில் ஒரு காடு வேலியின்றித் திறந்து கிடப்பதால் மட்டும் அதற்குள் நடக்கும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. வாசலில் ‘தனியார் நிலம்’ என்று பலகை தொங்குவதால் மட்டும் அந்த உரிமை இல்லாமல் போவதும் இல்லை. ஏப்ரல் பின்பாதியில் புளூபெல் என்ற நீலநிறக் காட்டுப்பூ பூக்கத் தொடங்கும்போது நகரங்களிலிருந்து ஏராளமானோர் அமைதியான காடுகளைத் தேடிப் போகிறார்கள். அவர்களில் பலர், குறிப்பாக அந்நாட்டில் புதிதாகக் குடியேறிய குடும்பங்கள், கதவருகே நின்று தயங்கித் திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் எங்கும் போகலாம் என்று எண்ணிப் பிறர் நிலத்துக்குள் வெகுதூரம் போய்விடுகிறார்கள். எந்தக் காட்டில் எந்த அளவு உரிமை உண்டு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இந்த இரண்டையும் தவிர்க்கலாம். இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் காடுகள் உட்படப் பெரும்பாலான நிலங்களில் நடமாடலாம் என்று பரந்த உரிமையைத் தந்திருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு எல்லைக்குத் தெற்கே நடப்பவர்கள் ஏமாற நேரிடும்.

இங்கிலாந்தில் காட்டுக்குள் நடப்பதற்கு மூன்று வகையான அடிப்படைகள் உண்டு. ஒன்று, காட்டின் ஊடே செல்லும் பொதுப் பாதை. இரண்டாவது, நிலம் முழுவதற்குமான நுழைவுரிமை. மூன்றாவது, உரிமையாளர் தாமாக விரும்பித் தரும் அனுமதி. ஒரே காட்டில் இவை மூன்றும் கலந்தும் இருக்கலாம்.

பொதுப் பாதை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொது வழிகள் இருக்கின்றன. தேவாலயத்துக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் வயலுக்கும் நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து நடந்து உண்டான தடங்களே இவற்றில் பெரும்பாலானவை. 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற நுழைவுரிமைச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் தத்தம் பகுதியின் பொது வழிகளை ஆய்ந்து, சட்ட வலுவுள்ள வரைபடம் ஒன்றில் பதிய வேண்டும் என்று விதித்தது. ஒரு பாதை அந்த வரைபடத்தில் இருந்தால் அது பொது வழி என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நிலம் கைமாறினாலும், புதிய உரிமையாளருக்குப் பிடிக்காவிட்டாலும், வழியை யாரும் பல ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டாலும், முறையான சட்ட ஆணை இல்லாமல் அந்த உரிமை மறையாது. எனக்குத் தெரிந்தவரை ஒரு சாதாரண நடைபயணிக்கு இங்கிலாந்துச் சட்டம் தரும் மிக உறுதியான உரிமை இதுதான்; பலரும் குறைத்து மதிப்பிடுவதும் இதைத்தான்.

பாதையில் யார் போகலாம் என்பதைக் கம்பங்களில் பதித்திருக்கும் அம்புக்குறியின் நிறம் காட்டும். மஞ்சள் அம்பு நடந்து செல்வோருக்கு மட்டுமான பாதையைக் குறிக்கிறது. நீல அம்பு உள்ள பாதையில் நடப்பவர்களோடு குதிரையில் செல்வோரும், 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சைக்கிளில் செல்வோரும் போகலாம். கருஞ்சிவப்பு நிற அம்பு குதிரை வண்டி போன்ற மோட்டார் இல்லாத வாகனங்களுக்கும், சிவப்பு அம்பு மோட்டார் வாகனம் உட்பட எல்லாப் போக்குவரத்துக்கும் இடமுள்ள வழியைக் காட்டும். பிரிட்டனின் தேசிய வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவுள்ள எக்ஸ்புளோரர் வரைபடங்களில் இவ்வழிகள் பச்சை நிறக் கோடுகளாக அச்சிடப்பட்டிருப்பதால், புறப்படும் முன்பே வீட்டில் அமர்ந்து பார்த்துக்கொள்ள முடியும்.

ஆனால் இந்த உரிமை அந்தப் பாதையோடு முடிந்துவிடுகிறது. பாதையின் இரு பக்கமும் பரந்திருக்கும் மரங்களும் மலர்களும் நிலத்தின் உரிமையாளருடையவை. வேறு வகை உரிமை எதுவும் இல்லாத தனியார் காட்டில் பாதையை விட்டு விலகி உள்ளே நடந்தால் அது அத்துமீறலாகிவிடும். அத்துமீறல் பொதுவாக உரிமையியல் விவகாரமே. ‘அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்’ என்று பழைய பலகைகள் மிரட்டினாலும், ரயில் பாதை, சில ராணுவ நிலங்கள் போன்ற விதிவிலக்குகளைத் தவிர, தவறி உள்ளே நடந்த ஒருவர் அதனால் மட்டும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. உரிமையாளர் வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறிவிட வேண்டும்; சேதம் விளைவித்திருந்தால் அவர் இழப்பீடு கோரலாம். மறுபுறம், வரைபடத்தில் பதிவான பொது வழியில் மக்களை அச்சுறுத்தித் திருப்பி அனுப்பும்படி பொய்யான பலகை வைப்பதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

காடு முழுவதும் நடக்கும் உரிமை

பாதையைத் தாண்டி, நிலப்பரப்பு முழுவதும் காலாற நடக்கும் உரிமைக்காக இங்கிலாந்தில் நீண்ட போராட்டமே நடந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று பீக் மாவட்டம் என்ற மலைப்பகுதியில், பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தொழிலாளர் இளைஞர்கள் கூட்டமாக ஏறியதும், அவர்களில் சிலர் சிறை சென்றதும் அந்தப் போராட்டத்தின் மறக்க முடியாத நிகழ்ச்சி. அதன் பலன் முழுமையாகச் சட்டமாவதற்கு 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய நாட்டுப்புறம் மற்றும் வழியுரிமைச் சட்டம் மலை, மேட்டுப் புல்வெளி, புதர்வெளி, சுண்ணாம்புக் குன்றுகள் ஆகியவற்றிலும், பதிவு செய்யப்பட்ட பொதுமேய்ச்சல் நிலங்களிலும் எவரும் நடந்து திரியலாம் என்று அறிவித்தது. இவை இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதம்.

இந்தப் பட்டியலில் காடு இல்லை. மக்கள் மிக அதிகமாக விரும்பிச் செல்லும் நிலவகையை அச்சட்டம் விட்டுவிட்டது என்பது பெரிய குறை. நகரத்துக்கு அருகில் வாழும் ஒருவருக்கு எட்டும் தொலைவில் மேட்டுப் புல்வெளி இருக்க வாய்ப்பில்லை, ஆனால் ஒரு சிறு காடு இருக்கும். குறையை ஓரளவு ஈடுசெய்யும் ஏற்பாடு அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு. நில உரிமையாளர் ஒருவர் தம் நிலத்தைப் பொதுமக்கள் நடப்பதற்கென நிரந்தரமாக ஒப்புக்கொடுக்க அப்பிரிவு வழி செய்கிறது. ஒருமுறை ஒப்புக்கொடுத்தால் அடுத்தடுத்து வரும் உரிமையாளர்களையும் அது கட்டுப்படுத்தும். 1919இல் தொடங்கப்பட்ட அரசு அமைப்பான ஃபாரஸ்ட்ரி கமிஷன், இங்கிலாந்தில் தனக்கு முழு உடைமையாக இருந்த காடுகளில் பெரும்பாலானவற்றை இப்பிரிவின் கீழ் ஒப்புக்கொடுத்துவிட்டது. இன்று அவற்றை ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து நிர்வகிக்கிறது. குத்தகை நிலத்தில் அது வளர்க்கும் காடுகளில் பலவற்றுக்கு இந்த உறுதி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2010இல் அரசுக் காடுகளை விற்கும் திட்டம் வெளிவந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, 2011 பிப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நடக்கும் உரிமை என்ன ஆகும் என்பதே அப்போது மக்களின் பெரிய கவலைகளில் ஒன்றாக இருந்தது.

எக்ஸ்புளோரர் வரைபடத்தில் பொதுவான நுழைவுரிமை நிலம் வெளிர்மஞ்சளாகவும், அவ்வுரிமை உள்ள காடு வெளிர்பச்சையாகவும் தீட்டப்பட்டிருக்கும். பொதுமேய்ச்சல் நிலமாகப் பதிவாகிப் பின்னர் மரம் மூடிய இடங்கள் பல உண்டு. பார்வைக்குக் காடாக இருந்தாலும் அவற்றிலும் இந்த உரிமை பொருந்தும்.

இச்சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே தனிச் சட்டத்தால் மக்களுக்கு உரியதாகிவிட்ட காடுகளும் இருக்கின்றன. லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், எசெக்ஸ் வரை நீளும் எப்பிங் காடு அவற்றுள் தலையாயது. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பிரபுக்கள் காட்டைத் துண்டு துண்டாக வேலியிட்டுக்கொண்டிருந்தபோது, லவுட்டன் கிராமத்தின் தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி, குளிர்காலத்தில் விறகுக்காகக் கிளை வெட்டும் ஊராரின் பரம்பரை உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தார். அவர் குடும்பத்தினர் 1866இல் சிறைக்கும் போனார்கள். பிறகு லண்டன் மாநகராட்சி, அந்தக் காட்டுப் பகுதியில் தனக்கிருந்த கல்லறை நிலத்தின் வழியே கிடைத்த மேய்ச்சல் உரிமையை அடிப்படையாகக் கொண்டு வழக்குத் தொடுத்து 1874இல் வென்றது. 1878ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டம் அந்நிலம் என்றும் வேலியின்றி, கட்டடமின்றி, பொதுமக்கள் பொழுதுபோக்கி மகிழும் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்று மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. கிளை வெட்டும் உரிமைக்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் எழுந்த லாப்பிங் ஹால் (‘கிளை வெட்டும் மண்டபம்’) லவுட்டனில் இன்றும் இருக்கிறது. இன்று சுரங்க ரயிலில் லவுட்டனில் இறங்கி எவரும் கட்டணமின்றி அந்த ஹார்ன்பீம் மரங்களுக்கிடையே நடக்கலாம் என்றால், அதற்குப் பின்னால் விறகு வெட்டிகளின் பிடிவாதம் இருக்கிறது.

அனுமதியால் திறந்திருக்கும் காடுகள்

மூன்றாவது வகையில் உரிமை இல்லை, இசைவுதான் உண்டு. 1972இல் தொடங்கப்பட்ட உட்லேண்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காடுகள் உள்ளன. பெரும்பாலும் அவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. இயற்கை நிலங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் காடுகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காடு 1942 முதல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலமாக இருப்பதால், அனுமதிச் சீட்டுப் பெற்றே நடக்க வேண்டும் என்பது அங்கே நீண்டகால நடைமுறை. நாயை அழைத்துச் செல்லவும் கூடாது. இத்தகைய இசைவை உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சில பாதைகளில் ‘இது உரிமையாளரின் அனுமதியால் மட்டும் திறந்திருக்கிறது’ என்று எழுதியிருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, ஒரு பாதையை மக்கள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, அனுமதி கேட்காமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தி வந்தால் அது பொது வழியாகிவிட்டதாகக் கருதப்படலாம். அதைத் தடுப்பதற்கே அப்பலகை.

செய்யக் கூடாதவை

2000ஆம் ஆண்டுச் சட்டம் தரும் நுழைவுரிமை அடிப்படையில் கால்நடையாகச் செல்வதற்கு மட்டுமே. சைக்கிள், குதிரை, கூடாரம், தீ மூட்டல், குளத்தில் நீராடல், உலோகம் தேடும் கருவி, வணிக நடவடிக்கை ஆகிய எதுவும் அதில் அடங்காது. உரிமையாளர் தனியாக இசைந்தால் மட்டும் சில உண்டு. மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலிக்கும் அதையொத்த வண்டிக்கும் தடையில்லை. இக்கட்டுப்பாடுகளை மீறுபவர் அந்த நிலத்தில் 72 மணி நேரத்துக்குத் தம் உரிமையை இழக்கிறார். நாயை அழைத்துச் செல்வோர் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, அதாவது தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலத்தில், இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் அதைப் பிடித்திருக்க வேண்டும்; ஆடுமாடுகளின் அருகில் ஆண்டு முழுவதும் இதே விதி. பொதுப் பாதையில் கயிறு கட்டாயமில்லை என்றாலும் நாய் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இரவு தங்குவதற்கு இங்கிலாந்தில் பொதுவான உரிமை கிடையாது. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பொதுநிலங்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே கூடாரமிட்டுத் தங்கும் உரிமை உண்டென்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பூக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி, நில உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். 1998 முதல் காட்டுப் புளூபெல்லையோ அதன் கிழங்கையோ விற்பதற்கும் தடை உண்டு. காட்டில் தானாக விளைந்த பெர்ரியையும் காளானையும் சொந்தத் தேவைக்காகப் பறிப்பதைத் திருட்டாக 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் கருதுவதில்லை, விற்பனைக்காகப் பறித்தால் கருதும். எனினும் நுழைவுரிமை நிலத்தில் செடியின் எப்பகுதியையும் வேண்டுமென்றே அகற்றக் கூடாது என்ற தனி விதி இருக்கிறது. தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் போன்ற இடங்களில் காளான் பறிக்க வேண்டாம் என்று நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. பறிப்பதை விட மிதிப்பதே அதிகக் கேடு செய்கிறது. புளூபெல் விதையிலிருந்து வளர்ந்து பூப்பதற்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆகும். அதன் இலை நசுங்கினால் அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேமிக்க முடியாமல் செடி நலிந்துவிடும். ஒரு படத்துக்காகப் பூக்களின் நடுவே போய் அமர்வதை எந்தக் காவலரும் தடுக்க வரப்போவதில்லை என்பதாலேயே, அதைத் தவிர்க்கும் பொறுப்பு நடப்பவர்கள்மீது விழுகிறது. 1600ஆம் ஆண்டு முதல் இடையறாது மரம் மூடியிருக்கும் நிலத்தையே இங்கிலாந்தில் பழங்காடு என்று வகைப்படுத்துகிறார்கள். புளூபெல் விரிப்புகள் பெரும்பாலும் அத்தகைய மண்ணில்தான் இருக்கின்றன.

அடைப்பும் தடையும்

நுழைவுரிமை நிலத்தை ஆண்டுக்கு 28 நாட்கள் வரை உரிமையாளர் தம் விருப்பப்படி மூடலாம், பொது விடுமுறை நாட்களில் மூட முடியாது. மரம் வெட்டும் பணிக்காக வைக்கும் தடுப்புகளை மதித்தே ஆக வேண்டும். வெட்டி அடுக்கிய மரக்கட்டைகள்மீது குழந்தைகளை ஏறவிடக் கூடாது, அவை உருண்டு உயிர்ச்சேதம் விளையலாம். 2012இல் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்ட, ஆஷ் மரங்களைத் தாக்கும் வாடல் நோயால் பட்டுப்போன மரங்களின் கிளைகள் காற்றில்லாத நாளிலும் முறிந்து விழுகின்றன. நுழைவுரிமை நிலத்தின் இயற்கை அம்சங்களால் நேரும் விபத்துக்கு உரிமையாளரின் பொறுப்பைச் சட்டம் மிகவும் குறைத்திருப்பதால், கவனம் நம்முடையதாக இருக்க வேண்டும். வாகன நிறுத்தத்துக்குக் கேட்கும் கட்டணம் காட்டுக்கான கட்டணமாகாது. நடந்தோ பேருந்திலோ வருபவர் அதைச் செலுத்தத் தேவையில்லை.

பொதுப் பாதை பூட்டிய கதவாலோ முள்கம்பியாலோ அடைபட்டிருந்தால், கடந்து செல்லத் தேவையான அளவு மட்டும் தடையை விலக்கலாம், அல்லது அதே உரிமையாளரின் நிலத்தில் சற்றுச் சுற்றிச் செல்லலாம். வழியைக் காக்கும் சட்டக் கடமை அந்தப் பகுதியின் நெடுஞ்சாலை அமைப்புக்கு, பெரும்பாலும் கவுண்டி கவுன்சில் எனப்படும் மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றத்துக்கு உரியது. ஒரு படமும், வரைபடக் கட்ட எண்ணும், தேதியும் சேர்த்து அதன் இணையப் படிவத்தில் தெரிவித்தால் போதுமானது. எழுத்துபூர்வமான முறையான அறிவிப்பு கொடுத்தும் தடை நீக்கப்படவில்லை என்றால், பல வகைத் தடைகளின் விஷயத்தில், மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தை அணுகி அந்த அமைப்புக்கு எதிராகவே உத்தரவு பெற எவருக்கும் சட்டம் இடமளிக்கிறது. இதற்கு அந்த ஊரில் குடியிருப்பவராகவோ நில உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டியதில்லை.