இரண்டேகால் மீட்டர் ஆளை மடக்கிய கணக்கு

2023 மார்ச் 17. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரம். கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தின் தேசியப் போட்டியில் முதல் சுற்று நடக்கிறது. ஒரு பக்கம் பர்டூ பல்கலைக்கழகம்: 29 வெற்றி, 5 தோல்வி, பிக் டென் லீக்கின் சாம்பியன், நடுவில் 2.24 மீட்டர் உயரத்தில் சாக் ஈடி. மறுபக்கம் நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம், சுருக்கமாக எஃப்டியூ. முதல் டிவிஷனில் இருந்த 363 அணிகளில் இவர்களுடைய சராசரி உயரம்தான் மிகக் குறைவு. முக்கியமான கார்ட் (பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவர்) டிமீட்ரி ராபர்ட்ஸ் 1.73 மீட்டர். முந்தைய சீசனில் அந்த அணி ஜெயித்தது 4, தோற்றது 22. பர்டூ 23.5 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயச் சந்தை விலை போட்டிருந்தது. முடிவு: எஃப்டியூ 63, பர்டூ 58.

மறுநாள் எல்லோரும் அதிசயம் என்று எழுதினார்கள். ஆனால் எஃப்டியூ கோச் டோபின் ஆண்டர்சன் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, டேட்டன் நகரில் தகுதிச் சுற்றை ஜெயித்த கையோடு, தன் பையன்களிடம் ஒன்று சொல்லியிருந்தார். பர்டூவைப் பார்க்கப் பார்க்க, நம்மால் ஜெயிக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது என்று. அது கேமராவில் பதிவாகி, வாய்க்கொழுப்பு என்று சிலரால் கேலியும் செய்யப்பட்டது. அந்த மனிதர் வீடியோவில் அப்படி எதைப் பார்த்திருப்பார்?

முதலில் ஒரு அணியின் பலத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கிறார்கள் என்பது ஏமாற்றும் எண். வேகமாக ஓடி ஆடும் அணிக்கு அது தானாகவே ஏறிவிடும். ஆகவே பொசஷனுக்கு எத்தனை புள்ளி என்று கேட்க வேண்டும். பந்து ஒரு அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியிடம் போகும்வரை ஒரு பொசஷன். ஸ்கோர் ஷீட்டில் இதற்குத் தனிக் கட்டம் கிடையாது, மற்ற எண்களிலிருந்து தேற்றித்தான் எடுக்க வேண்டும். எடுத்த ஷாட்களின் எண்ணிக்கை. அதிலிருந்து தானே தவறவிட்டு தானே பிடித்த ரீபவுண்டுகளைக் கழி. பந்தைப் பறிகொடுத்த டர்னோவர்களைக் கூட்டு. ஃப்ரீ த்ரோக்களை (எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறிகள்) 0.475-ஆல் பெருக்கிக் கூட்டு. ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டு இரண்டாக வருவதால் ஒன்றுக்குப் பாதி பொசஷன் என்று வைக்கலாம். கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ மாதிரியானவை புதிய பொசஷனைத் தின்பதில்லை. அதனால்தான் பாதியைவிடக் கொஞ்சம் குறைவு.

60 ஷாட், 10 ரீபவுண்ட், 12 டர்னோவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 71.5 பொசஷன் வரும். அதில் 75 புள்ளி எடுத்திருந்தால் 100 பொசஷனுக்கு ஏறக்குறைய 105. இந்த எண்தான் அணியின் ஆஃபென்ஸ் மதிப்பு. எதிரணி நம்மிடம் எடுத்ததை இதே மாதிரி கணக்கிட்டால் டிஃபென்ஸ் மதிப்பு.

அடுத்த சிக்கல், யாரிடம் எடுத்த 105? சவலை அணிகளிடம் எடுத்ததற்கும் பிக் டென்னில் எடுத்ததற்கும் ஒரே மதிப்புத் தர முடியாது. இதைச் சரிக்கட்டித் தரும் பட்டியல்களில் மிகப் பிரபலமானது கென் பாமராய் என்பவருடையது. மனிதர் அடிப்படையில் வானிலை ஆய்வாளர், அமெரிக்க தேசிய வானிலைச் சேவையில் வேலை பார்த்தவர். நிகழ்தகவில் பேசிப் பழகிய தொழிலிலிருந்து வந்ததால்தானோ என்னவோ, அவருடைய கணிப்புகளில் 'நிச்சயம்' என்ற பேச்சே இருக்காது. எல்லா அணிகளின் மதிப்பையும் எதிராளிகளின் மதிப்பை வைத்துத் திருத்துவது, திருத்திய எண்களை வைத்து மறுபடி திருத்துவது, எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதையே தொடர்வது. சாரம் அவ்வளவுதான்.

இப்போது இரண்டு அணிகளைக் கோர்ட்டில் இறக்கலாம். விளக்கத்துக்காக மட்டும் எண்களை நானே போடுகிறேன். பலமான அணியின் ஆஃபென்ஸ் 119. பலவீனமான அணி எதிராளிக்கு விட்டுக்கொடுப்பது 113. நாட்டின் சராசரி 104. முதல் இரண்டையும் கூட்டிச் சராசரியைக் கழித்தால் 128. மறுபக்கம், பலவீனமான அணியின் ஆஃபென்ஸ் 103, பலமான அணி விட்டுக்கொடுப்பது 94, ஆக 93. 100 பொசஷனுக்கு 35 புள்ளி இடைவெளி. ஆட்டத்தில் 67 பொசஷன்தான் என்றால் சுமார் 23.5 புள்ளி.

கல்லூரி ஆட்டங்களில் இப்படிக் கணித்த வித்தியாசத்துக்கும் நடந்த வித்தியாசத்துக்கும் இடையே இருக்கும் திட்ட விலக்கம் (கணிப்பிலிருந்து முடிவுகள் வழக்கமாகச் சிதறும் அளவு) ஏறக்குறைய 11 புள்ளி. 23.5 என்பது அதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். வழக்கமான மணி வடிவ வளைவில் பார்த்தால், பலவீனமான அணி ஜெயிக்க 100-ல் 2-க்கும் குறைந்த வாய்ப்பு. கணக்கு சரிதானா? 1985-லிருந்து ஆண்டுக்கு நான்கு ஆட்டங்களில் முதல் சீடு (போட்டிக்கு முன் தரப்படும் தரவரிசை எண்) பெற்ற அணி 16-ஆம் சீடு பெற்ற அணியைச் சந்திக்கிறது. கொரோனாவால் நடக்காமல் போன 2020-ஐ விட்டால், 2023 வரை 152 ஆட்டங்கள். முதல் சீடு தோற்றது 2 முறை. 2018-ல் வர்ஜீனியா, மேரிலாந்து பால்டிமோர் கவுன்டி பல்கலைக்கழகத்திடம் 54-74 என்று தோற்றது முதல் முறை, பர்டூ இரண்டாவது. 1.3 விழுக்காடு. ஆக, இப்படி ஒன்று எப்போதாவது நடந்தே தீரும் என்று கணக்கே சொல்கிறது. எங்கே, எப்படி நடக்கும் என்பதைத்தான் அது சொல்வதில்லை.

அங்கேதான் மேட்ச்-அப், அதாவது யாருக்கு எதிராக யார் என்ற பொருத்தம், வருகிறது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல: இந்த பேட்ஸ்மேனுக்கு லெக் ஸ்பின் ஆகாது, அவர் வந்ததும் இவரைக் கொண்டுவா என்று கேப்டன் யோசிப்பாரே, அதே வேலை. கூடைப்பந்தில் டீன் ஆலிவர் என்ற ஆய்வாளர் ஆட்டத்தை நான்கு கூறுகளாகப் பிரித்தார். ஷாட் எவ்வளவு நன்றாக விழுகிறது, பந்தை எவ்வளவு பறிகொடுக்கிறார்கள், தவறிய ஷாட்டை எவ்வளவு மீட்கிறார்கள், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எவ்வளவு போகிறார்கள். முக்கியத்துவம் உத்தேசமாக 40, 25, 20, 15 என்றார். இந்த நான்கையும் இரு அணிகளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதுதான் முன்தயாரிப்பின் முதல் படி.

எழுதிப் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு எண்ணையும் பார்த்து, இது யாருடைய எண் என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் மேட்ச்-அப் கலையே இந்த ஒரு கேள்விதான். உதாரணமாக, ஒரு அணி எதிராளிகளை, தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில் 29 விழுக்காட்டில் நிறுத்தியிருக்கிறது என்று டிவியில் பெருமையாகப் போடுவார்கள். அந்த எண்ணில் டிஃபென்ஸின் பங்கு சொற்பம். எறிபவரின் திறமையும் அதிர்ஷ்டமும்தான் பெரும்பகுதி, அடுத்த மாதமே அது சராசரிக்குத் திரும்பிவிடலாம். மாறாக, எதிராளி எத்தனை மூன்று புள்ளி ஷாட் எடுக்கிறான், அதை யார் எடுக்கிறார் என்பதில் டிஃபென்ஸுக்கு நிஜமான பிடி உண்டு. பந்து விழுவது உன் கையில் இல்லை, யார் எறிவது என்பது ஓரளவு உன் கையில் இருக்கிறது.

எஃப்டியூ செய்தது இதைத்தான். பர்டூவின் ஆட்டம் முழுக்க ஈடியைச் சுற்றி ஓடியது. அந்த சீசனில் ஆட்டத்துக்கு 22.3 புள்ளி, 12.9 ரீபவுண்ட் எடுத்தவர் அவர். பந்து அவர் கைக்குப் போய்விட்டால் 1.73 மீட்டர்காரர் என்ன, அணியில் இருக்கும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பந்து போகும் வழியில் கை வைத்தார்கள். ஒருவர் ஈடியின் முன்னால் நிற்பார், இன்னொருவர் பின்னால் நிற்பார். முன்னால் ஆள் நின்றால் பாஸை மேலே தூக்கித்தான் போட வேண்டும். அதற்குப் பின்னால் இருப்பவர் காத்திருக்கிறார். இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் ஆளைக் காக்காமல் சும்மா வளையத்தடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்க டிஃபென்ஸ் வீரருக்கு அனுமதி இல்லை. கல்லூரி ஆட்டத்தில் அந்த விதி கிடையாது. நாள் முழுக்க நிற்கலாம்.

பந்தைத் தூக்கிப் போட வேண்டிய பர்டூ கார்டுகளோ, பிரேடன் ஸ்மித்தும் ஃப்ளெட்சர் லோயரும், முதலாம் ஆண்டு மாணவர்கள். எஃப்டியூவின் குட்டை கார்டுகள் கோர்ட் நெடுக அவர்களுடைய மூக்குக்கு நேரே நின்று விரட்டினார்கள். உயரம் குறைவு என்பது வளையத்தடியில் ஊனம், ஆனால் ஒருவர் தரையோடு பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது தாழ்வாகப் பாய்ந்து கை நீட்ட அதுவே தோது. பர்டூ 16 முறை பந்தைப் பறிகொடுத்தது.

சரி, ஈடிக்கு இரண்டு பேர் என்றால் மீதி நாலு பேருக்கு மூன்று பேர்தான். யாரோ ஒருவர் ஆளில்லாமல் நிற்பார். அதை எஃப்டியூ தெரிந்தே விட்டுக்கொடுத்தது. பர்டூ அந்த சீசனில் மூன்று புள்ளி ஷாட்டை உத்தேசமாக மூன்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் போட்டுக்கொண்டிருந்தது. கொலம்பஸில் 26 எறிந்து 5 விழுந்தது. வெறும் கெட்ட நேரமா? மூன்றுக்கு ஒன்று போடுபவர்கள் 26 எறிந்தால் சராசரியாக 8 அல்லது 9 விழ வேண்டும். 5-ம் அதற்குக் குறைவும் விழ 100-ல் 9 தடவை போல வாய்ப்பு உண்டு. அதாவது அதிர்ஷ்டம் கை கொடுத்தது நிஜம், ஆனால் நம்ப முடியாத அளவு அதிர்ஷ்டம் அல்ல. ஈடி 21 புள்ளியும் 15 ரீபவுண்டும் எடுத்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தன் சராசரியை அவர் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார். மற்ற எல்லோருமாகச் சேர்ந்து எடுத்தது 37.

பலவீனமான அணிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: ஆட்டத்தை மெதுவாக்கு, பொசஷன்கள் குறைந்தால் அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். கோட்பாடு சரி. பலன்தான் பேச்சளவுக்கு இல்லை. பொசஷனுக்கு 0.2 புள்ளி பின்தங்கிய அணி 70 பொசஷன் ஆடினால் 14 புள்ளியில் தோற்கும், 60 ஆடினால் 12. சிதறல் பொசஷன்களின் வர்க்கமூலத்தோடு மாறுவதால் 11-லிருந்து 10.2 ஆகும். வெற்றி வாய்ப்பு 10 விழுக்காட்டிலிருந்து 12-க்குப் போகும், அவ்வளவே. இதற்காக முப்பது வினாடி ஷாட் கடிகாரம் தீரும்வரை பந்தைத் தட்டிக்கொண்டே இருந்து, தன் ஆட்டத்தையே மறந்துவிடும் கோச்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆண்டர்சன் அந்த வம்புக்கே போகவில்லை. ஆண்டு முழுக்க ஆடிய விரட்டல் ஆட்டத்தையே ஆடினார்.

அதற்கு நேரமும் ஒரு காரணம். டேட்டன் ஆட்டத்துக்கும் கொலம்பஸ் ஆட்டத்துக்கும் நடுவே இருந்தது இரண்டு நாள். இந்தப் போட்டியில் உதவிக் கோச்கள், எதிரே வர வாய்ப்புள்ள அணிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு முன்கூட்டியே வீடியோ வெட்டி வைப்பது வழக்கம். பயிற்சியில் ஈடி மாதிரி நடுவில் நிற்கும் ராட்சத சென்டரின் கைகளுக்குப் பதிலாக யாராவது துடைப்பத்தையோ ஸ்பாஞ்ச் திண்டையோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்பார்கள், அதன் மேலாக ஷாட் எறிந்து பழகுவார்கள். இரண்டு நாளில் புது ஆட்டம் கற்றுத்தர முடியாது. இருக்கும் ஆட்டத்தில் இரண்டு மூன்று திருகாணிகளைத்தான் திருக முடியும்.

அந்தத் திருகல்கள் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு நாள் கழித்து எஃப்டியூ, ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. அங்கே பந்து ஒரே ஆளுக்காகக் காத்திருக்கவில்லை. வெளியிலிருந்தே ஆடக்கூடிய கார்டுகள் பலர், அவர்களில் ஜானெல் டேவிஸ் 29 புள்ளி எடுத்தார். எஃப்டியூ 70-78 என்று தோற்று வெளியேறியது.

பர்டூவோ அடுத்த ஆண்டு அதே ஈடியை நடுவில் வைத்துக்கொண்டு மறுபடி முதல் சீடாக வந்தது. ஸ்மித்துக்கும் லோயருக்கும் ஒரு வயது கூடியிருந்தது. மூன்று புள்ளி ஷாட் 40 விழுக்காடு அளவில் விழுந்துகொண்டிருந்தது. ஈடிக்கு இரண்டு பேரை அனுப்பினால் வெளியே நிற்பவர் போட்டுவிடுவார், ஒருவரை விட்டால் ஈடி போட்டுவிடுவார். முதல் சுற்றில் கிராம்ப்ளிங் ஸ்டேட்டை 78-50 என்று ஜெயித்தார்கள், இறுதி ஆட்டம் வரை போனார்கள். அங்கே கனெக்டிகட் அணி வேறொரு முடிவு எடுத்தது: ஈடியைப் பெரும்பாலும் ஒரே ஆளிடம் விட்டுவிட்டு, மற்ற நால்வரையும் விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டது. ஈடி 37 புள்ளி எடுத்தார். பர்டூ 60-75 என்று தோற்றது.