கார் கதவுச் சத்தமும் போர் நிருபரும்

போர்முனையிலிருந்து திரும்பி ஓராண்டான நிருபர், யாரோ கார் கதவை அறைந்தால் மேசைக்கடியில் பதுங்குகிறாரே, அது கதவுதான் என்று அவருக்குத் தெரியாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தெரியும். தெரிவதற்குள் உடம்பு குனிந்துவிடுகிறது.

காது ஒலியை நரம்புத் துடிப்பாக்குவது பள்ளிப் பாடம். அந்தத் துடிப்பு பெருமூளைக்குப் போய் ‘இது கதவு’ என்று அடையாளமாவது சுற்றுவழி. திடுக்கிடலுக்கோ குறுக்குவழி உண்டு: செவிநரம்பு, மூளைத்தண்டில் ஒரு சிறு நரம்புத் திரள், அங்கிருந்து நேரே தண்டுவடம், தசை. நடுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய இணைப்புகளே. பலத்த சத்தம் கேட்ட 50 மில்லிநொடிக்குள் இமைத் தசை சுருங்கத் தொடங்கிவிடும். கழுத்தும் தோளும் பின்னாலேயே வரும். இது எல்லோருக்கும் உள்ளதுதான்.

அழகு இனிமேல்தான். அந்தத் திரளின் உணர்திறனை ஏற்றி இறக்கும் திருகு, மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலாவின் கையில் இருக்கிறது. ஷெல் விழும் ஊரில் ‘டம்’ என்ற ஓசையும் உயிராபத்தும் சேர்ந்தே வருவதால், அது திருகை ஏற்றி வைக்கிறது. அங்கே அது கோளாறல்ல, உயிர்காப்பு. ஊர் திரும்பிய பின் சத்தம் மட்டுமே வரும், ஆபத்து வராது; எனவே பயம் மெல்ல அடங்க வேண்டும். ஆனால் பழைய பயப்பாடம் அழிவதே இல்லை. ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதுப்பாடம் பக்கத்தில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். பழையதை அமுக்கிப் பிடிப்பது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை. ‘இங்கே’ என்பது எந்த இடம் என்று சொல்வது நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ். இடம் மாறினால் பிடி தளரும், பழையது தலைதூக்கும்.

மனத்திடம் இருந்தால் இப்படிப் பயம் அடங்காமல் போகாது என்பது வெறும் நம்பிக்கை. டொராண்டோ மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டைன் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், 140 போர் நிருபர்களில் 28.6 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்திருக்கிறது. அமெரிக்க மனநலக் கையேடு இந்த நோய்க்குப் பெயர் சூட்டியது 1980இல். நிருபர்களை எண்ணிப் பார்க்க இன்னும் 22 ஆண்டுகள்! குண்டு துளைக்காத அங்கி வாங்கித் தரும் நிறுவனங்கள் இதற்கும் கொஞ்சம் ஆய்வுப் பணம் ஒதுக்கியிருக்கலாம்.

சிகிச்சையும் ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற அந்தப் புதுப்பாடத்தை எழுதுவதுதான். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். நடந்ததைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போதே எழுந்து போய்விடுவதில்தான் பெரும்பாலும் பிசகும்: தப்பியோடியதால் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும். சிகிச்சை அறையில் மட்டும் பழகினால் பாடம் அந்த அறையோடு நின்றுவிடும் என்பதால், வண்டி நிறுத்துமிடம், சந்தடியான தெரு என்று இடம் மாற்றி மாற்றி வீட்டுப்பாடமும் தருவார்கள்.