முழுப்பக்கப் படிப்பான்

மின்னூல்களைப் படிக்க உதவும் இ-ரீடர் என்ற கருவிக்குத் தமிழில் மின்னூல் படிப்பான், மின்வாசிப்பான், மின்படிப்பான், படிப்பி என்று பல பெயர்கள் உலவுகின்றன. 6 அங்குலத் திரையில் கதை படிப்பவருக்கு முதல் பெயரே போதும். 10 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் ஆய்வுக்கட்டுரையும் பழைய பதிப்புகளும் படிப்பவர் கையில் இருப்பதற்கு அது போதாது என்பது என் துணிபு.

முதலில் ‘இ’. எலக்ட்ரானிக் என்பதன் முதலெழுத்து அது. அச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினைக் குறித்தது. அம்பரைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். மின்சாரத்துக்கு மேலைநாட்டார் அந்தப் பிசினிலிருந்து பெயர் எடுத்தார்கள். நாம் வானத்து மின்னலிலிருந்து எடுத்தோம். மின் என்றால் ஒளிர்தல். அமேசான் விற்கும் இ-ரீடரான கிண்டிலின் பெயருக்கும் தீ மூட்டுதல் என்றே பொருள். ஆனால் இந்தக் கருவியின் சிறப்பே அதன் திரை தானாக ஒளிராமல் இருப்பதுதான். திரைக்குள் நுண்குமிழ்கள், அவற்றில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்னழுத்தம் எந்தத் துகளை மேலே தள்ளுகிறதோ அந்த நிறம் தெரியும். மின்சாரம் நின்றாலும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்தைத் திருப்பும்போதுதான் துகள்களை நகர்த்த மின்சாரம் செலவாகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்திலிருந்து 1997இல் கிளைத்த இ இங்க் நிறுவனம் இந்தத் துகள் மையை வளர்த்தெடுத்தது. 2004இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியேவும் 2007இல் கிண்டிலும் அதை வாசகர் கைக்குக் கொண்டுவந்தன. ஆகவே இங்கே ‘மின்’ என்பதை மின்னணு என்பதன் சுருக்கமாகக் கொள்ள வேண்டும், ஒளி என்று கொள்ளக் கூடாது.

அடுத்தது ரீடர். பழைய ஆங்கிலத்தில் இதன் வினைச்சொல்லுக்கு அறிவுரை சொல்லுதல், புதிரை ஊகித்தல் என்றெல்லாம் பொருள் இருந்தது. புதிரைக் குறிக்கும் ரிடில் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழில் ஓது, வாசி, படி மூன்றும் இருக்கின்றன. வாசி என்பது வாக்கு, வாசகம் ஆகியவற்றோடு உறவுடையது, அதில் குரல் ஒலிக்கிறது, வீணையையும் வாசிக்கிறோம். எனக்குப் பிடித்தது படி. ‘இதற்கு ஒரு படி எடுத்து வை’ என்னும்போது அது நகலையும் குறிக்கிறது. நூலின் படியைத் தன்னுள் வைத்துக்கொண்டு படிக்கத் தரும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எது?

படிப்பான் என்றால் ‘அவன் நாளைக்குப் படிப்பான்’ என்பதுபோல் வினைமுற்றாகவும் தொனிக்கிறதே என்று கேட்பார்கள். கணிப்பானுக்கும் அதே சிக்கல் உண்டு, பழகிவிட்டோம். முன்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தாலே மயக்கம் தீர்ந்துவிடும். ஆனால் படிப்பியை நான் ஏற்கமாட்டேன். படிப்பி என்றால் கற்றுக்கொடு என்று பொருள். ஈழத்தில் ஆசிரியர் இன்றும் ‘படிப்பிக்கிறார்’.

இனித் திரையின் அளவு. 9.7 அங்குலக் கிண்டில் டிஎக்ஸ் 2009இல் வந்தபோது பிடிஎஃப் கோப்பை அப்படியே திறக்கும் வசதியோடு வந்தது. காரணம் எளிது: பிடிஎஃப் பக்கம் அசையாது. மின்னூலுக்கென்றே அமைந்த இபப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து கொள்ளும். பிடிஎஃப் அச்சிட்ட தாள் போல இறுகி நிற்கும். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அதை 6 அங்குலத் திரைக்குள் முழுதாக அடக்கினால் 12 புள்ளி (பாயிண்ட்) எழுத்து 5 புள்ளிக்கும் கீழே சுருங்கும். 10.3 அங்குலத்தில் 8 புள்ளிக்குச் சற்று மேலே நிற்கும், படிக்கலாம். 13.3 அங்குலத்தில் கிட்டத்தட்டத் தாளின் அளவே வந்துவிடும்.

தமிழ் வாசகருக்கு இது இன்னும் முக்கியம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஈழத்து நூலகம் தளத்திலும் கிடைக்கும் பழைய நூல்களில் பெரும்பாலானவை ஒளிவருடிய பக்கப் படங்கள். அவற்றின் வரிகள் மடியாது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் செய்த பிடிஎஃபை மடிக்கப் பார்த்தால் எழுத்து குப்பையாகிவிடும். பக்கத்தைப் பக்கமாகவே பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல வேளையாக, 10.3 அங்குலத் திரை ஏறத்தாழ 157க்கு 209 மில்லிமீட்டர். நம் பதிப்பாளர்கள் டெம்மி என்று சொல்லும் நூலளவும் ஏறக்குறைய அவ்வளவே. பழைய டெம்மிப் பதிப்பு ஒன்றை அதில் திறந்தபோது, அடிக்குறிப்பும் பாடவேறுபாடும் அச்சிட்ட அளவிலேயே கண்முன் நின்றன. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி முடியாது.

பெரிய திரை, பெருந்திரை என்று முன்னொட்டு சேர்த்தால் தமிழ்க் காது திரையரங்குக்குப் போய்விடும். ஆவணப் படிப்பான் என்றால் பத்திரமும் பட்டாவும் நினைவுக்கு வரும். ஆவணம் நமக்கு உரிமைச் சான்று. கருவி எதற்காகப் பெரிதாக இருக்கிறதோ அதையே பெயராக்கினால் என்ன? முழுப்பக்கப் படிப்பான். நூலோ கட்டுரையோ கோப்போ, பக்கம் குறையாமல் காட்டுவது. சிறியதற்கு மின்னூல் படிப்பான் இருக்கட்டும்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘பக்கம்’ என்பதன் மகரம் கெட்டுப் பகரம் மிகும். முழுபக்க படிப்பான் என்று ஒற்றில்லாமல் எழுதுவது பிழை.