கைப்பிடிக்குள் இருக்கும் துருவைத் தேய்க்காதீர்கள்

போன மாதம் ஒருவர் ஜப்பானிய ராணுவ வாள் ஒன்றைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். அவருடைய தாத்தா பர்மா போர்முனையில் இருந்தவராம். "நல்லா சுத்தம் பண்ணித்தான் கொண்டுவந்திருக்கேன் சார்" என்றார், பெருமையாக. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த இரும்பு எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்!

கைப்பிடிக்குள் போகும் அந்தப் பகுதியை ஜப்பானியர் 'நாகாகோ' என்பார்கள். அதை யாரும் தீட்டுவதில்லை, துரு படியட்டும் என்று விட்டுவிடுவார்கள். வழுவழுப்பான கரும்பழுப்புத் துரு என்றால் நூற்றாண்டுகள் பழைய வாளாக இருக்கலாம். லேசான செந்துரு என்றால் பெரும்பாலும் போர்க்காலத்துச் சரக்கு. 1934-இல் ராணுவம் புது மாதிரி அதிகாரி வாளைக் கொண்டுவந்தபோது, சிலர் பரம்பரை வாளையே எடுத்து ராணுவ உறையில் பொருத்திக்கொண்டார்கள். ஆகவே உறையைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. நாகாகோவில் 'ஷோவா', 'செகி' போன்ற சிறு முத்திரை இருந்தால் அது போர்க்காலத்தில் செய்தது.

1935-இல் வந்த கீழ்நிலை அதிகாரிகளின் வாள் வேறு ரகம். இயந்திரத்தில் செய்தது. பெரும்பாலானவற்றில் கைப்பிடி அலுமினிய வார்ப்பு, கயிறு சுற்றியதுபோல் வர்ணம் பூசியிருக்கும். பிடிப்பது திருகாணி. அலகிலும் உறை வாயிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள், போதும். கொல்லர் நாகாகோவில் உளியால் வெட்டும் கையெழுத்தை இதில் தேட வேண்டாம்.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. அலகை விரலால் தொடாதீர்கள், வியர்வை பட்ட இடத்தில் ரேகையோடு துரு பிடிக்கும். பழைய எண்ணெயை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, கனிம எண்ணெயை மிக லேசாகப் பூசினால் சரி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக ஆக பிசுக்காகிவிடும். வெட்டும் விளிம்பு மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். பித்தளை பாலிஷ் பக்கமே போகாதீர்கள். அப்புறம், தீட்டிக்கொண்டு வரலாம் என்று ஜப்பானுக்கு அனுப்புமுன் விசாரியுங்கள்: பாரம்பரிய முறையில் செய்யாத வாளை அங்கே பதிவு செய்ய முடியாது, திரும்பி வராமலே போகலாம்.

அவருடைய வாளில் கையெழுத்தின் இரண்டு எழுத்துகள் தப்பியிருந்தன. போலிக் கையெழுத்துகள் மலிந்த துறை இது. உளி வெட்டுக்குள்ளும் துரு சீராகப் படிந்திருக்கிறதா என்பதுதான் எங்கள் முதல் சோதனை. வெட்டுக்குள் எதுவும் மிச்சமில்லை.