மாடு இறங்கி ஏறுமா?

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் கிராவல் எடுத்து முடித்த ஒரு குழியைக் குளமாக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் மண், நீர் வேலை பார்க்கும் பொறியாளன். ஆழத்தை அளந்து, எத்தனை லட்சம் லிட்டர் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குழியிலேயே மண் வெட்டிய தர்மபுரிப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "தண்ணி நிக்கும் சார். மாடு ஒண்ணு உள்ள இறங்குனா ஏறி வருமா, அதைப் பாருங்க முதல்ல" என்றார்.

ஏறாது. கரை செங்குத்தாக, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. மாடு ஏற முடியாத இடத்தில் பிள்ளையும் ஏற முடியாது. கைவிட்ட குவாரியில் குளிக்கப் போனவர்கள் மூழ்கிப்போன செய்தி நம் ஊரில் புதிதல்ல. நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்குகிறார்கள். பிடித்து ஏறக் கரை இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே வரைபடத்தை மாற்றினேன். குழியை இன்னும் ஆழமாக்க ஒதுக்கியிருந்த ஜேசிபி மணி நேரத்தையெல்லாம் கரையைச் சரிக்கவே செலவழித்தோம். குறைந்தது ஒரு பக்கமாவது எட்டடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவு. தண்ணீர் விளிம்பையொட்டி முழங்கால் ஆழத்தில் படி மாதிரி ஒரு திட்டு. கோரையும் சம்பும் வேர் பிடிப்பது அங்கேதான். உள்ளானும் நாரையும் கால் ஊன்றி இரை தேடுவதும் அங்கேதான். ஆழமான நடுப்பகுதியில் முக்குளிப்பான் வந்தால் உண்டு. சதுப்பு நிலம் என்று நாம் சொல்வதே இந்த விளிம்பைத்தான். திட்டில் நிற்கும் நீர் தனிக் குட்டையாகத் தேங்காமல் ஆழத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மீன் வந்து கொசுப்புழுவைத் தின்னும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வரும்? இங்கிலாந்தில் தேம்ஸ் நதியின் மேல்பகுதியில், கிராவல் தோண்டிய குழிகளே நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளாகிவிட்டன. அந்தப் படங்களைக் காட்டி "இது மாதிரி" என்பவர்கள் உண்டு. அங்கே கிராவல் கிடப்பது ஆற்றுச் சமவெளியில், நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே. தோண்டும்போது நீரை இறைக்கும் பம்பை நிறுத்தினால் குழி தானாக நிறையும். நம்முடையது கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயர மேட்டு நிலம். நீர்மட்டம் எங்கோ கீழே. ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். குழிக்குள் நேராக விழுவதைவிட வெயிலில் ஆவியாகிப் போவது அதிகம். ஆகவே சுற்றுநிலத்து ஓட்டநீர் குழிக்கு வர வழி வேண்டும். பழைய கெரேக்களை, அதாவது ஏரிகளை, ராஜகால்வாய் என்ற பெரிய வாய்க்கால்களில் கோர்த்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

அந்த வழியில் என்ன வருகிறது என்பதில்தான் எனக்குப் பயம். கிராவல் எடுத்த இடத்தில் நீரை வடிகட்டும் மேல்மண் போய்விட்டது. கீழே சிதைந்து இளகிய பாறை, அதற்கும் கீழே பாறை வெடிப்பு. அந்த வெடிப்பிலிருந்துதான் அக்கம்பக்கத்து போர்வெல்கள் குடிக்கின்றன. சாக்கடை நீரை இதற்குள் விட்டால் நிலத்தடி நீரில் நேரே கலக்கிற மாதிரி. குப்பை கொட்டினாலும் அதேதான். பெங்களூரின் ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்து நீரைக்கூட ஒரு சதுப்பைக் கடந்த பிறகுதான் ஏரிக்குள் விடுகிறார்கள். குழிக்கு வரும் வாய்க்காலிலும் முதலில் வண்டல் தொட்டி, அப்புறம் கோரைப் பரப்பு, கடைசியில்தான் குளம்.

தண்ணீர் குளத்தில் நிற்க வேண்டுமா, நிலத்துக்குள் இறங்க வேண்டுமா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். நிற்க வேண்டுமென்றால் அடியில் களிமண் போட்டு இறுக்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் விட்டுவிடலாம், ஆனால் மார்ச்சில் குளம் காய்ந்து கிடப்பதைப் பார்த்து யாரும் கோபப்படக் கூடாது. 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வரிசையாக வறண்ட பிறகு, நீரை நிலத்துக்குள் இறக்குவதற்கு ஆதரவு கூடியிருக்கிறது. நாங்கள் பாதிக்குப் பாதி செய்தோம்: நடுவில் இறுக்கிய பள்ளம், மேற்கு ஓரத்தில் அப்படியே விட்ட சரளை.

ஒரு தவறு என்னுடையது. கரைக்குப் போட மேல்மண்ணைத் தேடவே இல்லை. வெறும் சரளையில் நட்ட கோரை முதல் வருஷம் பிழைக்கவில்லை. தோண்டத் தொடங்கும்போதே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருந்தால் இந்த இழப்பே இல்லை. கிராவல் எடுக்கும் குத்தகைக்காரரிடம் இதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழி முடிந்த பிறகு அவர் போனை எடுக்க மாட்டார்.

இப்போது ஏப்ரலில் வண்டல் தொட்டியைத் தூர்வார ஆள் தேடும் சிரமம் இல்லை. ராகி வயலுக்கு வேண்டும் என்று ட்ராக்டரோடு வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். போன தடவை யார் முதலில் என்று சண்டையே வந்தது.